சுவரில் வைத்த கை யாருடைய யோசனை?

இரண்டு நிமிடம் பத்து விநாடி ஓடும் ஒரு படத்தை எடுத்து, இருபத்தேழு வருடம் பேருந்து ஓட்டிய என் அப்பாவை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கீழே இறக்கியவன் நான். படம் எடுத்துப் பேர் வாங்கியவர்கள் உண்டு, வீட்டை விற்றவர்கள் உண்டு. பெற்ற அப்பாவின் வேலையைக் காலி செய்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதற்கு நூற்றுக்கு எழுபத்தொன்று மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான். ஓர் உளவியல் த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும். நடுவும் முடிவும் யோசிக்க வேண்டியதில்லை என்று கேட்டதும் எங்களுக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. எடுத்த பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதி, தங்கள் படத்தைத் தாங்களே மதிப்பிட வேண்டும். படத்துக்கு நாற்பது, மதிப்பீட்டுக்கு அறுபது. எடுத்ததைவிட எடுத்ததைப் பற்றிப் பேசுவதற்கு மதிப்பெண் அதிகம் என்றதும், நாங்கள் சரியான துறையில்தான் சேர்ந்திருக்கிறோம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

குழுவில் மூன்று பேர். முதலாவது டைரக்டர். கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே தன் பெயரைச் சொல்லாமல் பதவியைச் சொன்னவன். பிறகு அவன் பெயர் எங்களுக்கும் மறந்துவிட்டது. அடுத்தது லைட்டு. விளக்கும் மைக்கும் அவள் பொறுப்பு. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். ஆனால் விளக்குத் தாங்கிகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுவாள். மூன்றாவது நான், கத்திரி. எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டுவது என் வேலை. சொந்தமாக எதையும் செய்யாமல் அடுத்தவர் செய்ததில் குறை சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. எடிட்டிங் அமைந்தது.

படத்தின் பெயர் ‘நாலாவது கதவு’. ஒரு மனிதர் வீடு திரும்புகிறார். வீடு இருட்டாக இருக்கிறது. நடைவழியில் நடந்து போனால், நேற்றுவரை இல்லாத ஒரு கதவு அங்கே இருக்கிறது. அவ்வளவுதான். எடுக்கத் தேர்ந்த இடம் எங்கள் வீடு. எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று கதவுகள். நாலாவது எங்கே என்று கேட்டேன். “அதாண்டா சஸ்பென்ஸ்” என்றான் டைரக்டர்.

நடிப்பதாகச் சொல்லியிருந்த நாடகக் குழு அண்ணன், முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தான். முகமெல்லாம் அம்மை போட்டிருக்கிறதாம். “க்ளோஸப் வைக்கலைன்னா சமாளிக்கலாம்ல?” என்று டைரக்டர் போனிலேயே கேட்டுப் பார்த்தான். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அப்பா வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

“அப்பா, நாளைக்கும் நாளன்னிக்கும் லீவு போட முடியுமா?”

“எதுக்கு?”

“எங்க படத்துல நடிக்க.”

“வசனம் இருக்கா?”

“இல்லப்பா. நடந்தா போதும்.”

“நடக்கறதுக்கு எதுக்குடா நான்? ரோட்ல போற யாரையாவது பிடி.” ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, “இருட்டுலயா?” என்றார்.

“ஆமா. பயந்துக்காதீங்க, நாங்க மூணு பேரும் கூடவே இருப்போம்.”

அவர் சிரித்தார். பிறகு டிப்போவுக்குப் போன் போட்டு இரண்டு நாள் லீவு சொன்னார். அந்த ‘இருட்டுலயா’வை நான் நினைத்துப் பார்க்க ஒரு மாதம் ஆயிற்று.

பகலில்தான் எடுத்தோம். சன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, அதன்மேல் போர்வையைத் தொங்கவிட்டோம். கேமரா போக இடம் வேண்டுமென்று மேசையை நகர்த்தினோம், நாற்காலிகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கினோம், முக்காலியைத் தூக்கி நடைவழியின் இடது பக்கம் வைத்தோம். அம்மா ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்து பார்த்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“எது எங்க இருந்துச்சோ அது அங்க இருக்கணும். இப்பவே.”

“அம்மா, வீடும் உனக்கு லைப்ரரியா?” என்றேன்.

அவள் தானே முக்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள். கூடத்து விளக்கைப் போட்டாள். அந்த விளக்கு எங்கள் வீட்டில் பட்டப்பகலிலும் எரியும். அதை வைத்து நான் அம்மாவை ஒரு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

*

படம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. நாங்கள் எதிர்பார்த்தது அப்படி ஒன்றும் பெரிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மதிப்பீட்டின் மூன்றாவது கேள்வி, பார்வையாளர்கள் என்ன சொன்னார்கள் என்பது. இருபத்திரண்டு பேருக்குப் போட்டுக் காட்டி, தாள் கொடுத்து எழுதச் சொன்னோம். டைரக்டர் ஒரு வாரம் தூங்காமல் எழுதிய திரைக்கதையை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நாலாவது கதவைப் பார்த்ததாகவே நாலு பேர்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் பத்தொன்பது பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: அந்தக் கை.

நடைவழியில் அப்பா வரும்போது அவருடைய இடது கை சுவரில் படியும். மெதுவாக ஊர்ந்து போகும். கதவுச் சட்டம் வந்ததும் நின்று, அதன் விளிம்பைத் தடவிப் பார்க்கும். பிறகுதான் உடம்பு நகரும். அந்த வீட்டை அவர் நம்பவில்லை என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. ‘முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது’ என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ‘யார் இந்த நடிகர்?’ என்று ஒருவன் கேட்டிருந்தான்.

நாலாவது கேள்வி: படத்தின் முக்கியமான முடிவுகளை எடுத்தது யார்?

மதிப்பீட்டுத் தாள்களைக் கொடுத்து இரண்டு நாள் கழித்து, இந்த வேலையைக் கொடுத்த மேடம் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடம் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு நன்றாகத் துடைத்தார்.

“டைரக்டர் சார் எழுதியிருக்கார்: ‘கதாநாயகனின் மனப்பிளவைக் காட்ட, சுவரைத் தொட்டு நடக்கும்படி நடிகருக்கு அறிவுறுத்தினேன்.’ இந்தம்மா எழுதியிருக்காங்க: ‘பக்கவாட்டு வெளிச்சத்தில் விரல் நிழல் நீளமாக விழ வேண்டும் என்று திட்டமிட்டு, கையைச் சுவரில் வைக்கச் சொன்னேன்.’ கத்திரி எழுதியிருக்கார்: ‘தொகுப்பின் தாளத்துக்கு ஒரு தொடர் அசைவு தேவைப்பட்டதால், கையைச் சுவரில் வைக்குமாறு அப்பாவிடம்…’ இங்க ‘அப்பா’வை அடிச்சுட்டு ‘நடிகர்’னு போட்டிருக்கார்.”

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“ஒருத்தர் சொல்றது உண்மைன்னா ரெண்டு பேர் புளுகறீங்க. மூணு பேர் சொல்றதும் உண்மைன்னா அந்த மனுஷனுக்கு மூணு இடது கை இருக்கணும். எது சரி?”

“மேடம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான்…” என்று டைரக்டர் ஆரம்பித்தான்.

“எனக்கும்தான் ஞாபகம் இருக்கு” என்றாள் லைட்டு.

எனக்கும் இருந்தது. அதுதான் வேடிக்கை. நாங்கள் திட்டம்போட்டுப் பொய் எழுதவில்லை. பத்தொன்பது பேர் பாராட்டிய பிறகு, அது நம் மண்டையில் உதித்ததாகத்தான் இருக்கும் என்று மூவரும் தனித்தனியாக நம்பியிருந்தோம். அப்பாவிடம் நான் குனிந்து மெதுவாகச் சொன்ன காட்சிகூட எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. நடக்காத ஒன்றை இவ்வளவு நன்றாக என்னால் எடுக்க முடியும் என்றால், படத்தில் அதைச் செய்திருக்கலாம்.

“வெட்டாத ஃபுட்டேஜ் இருக்குல்ல? போய்ப் போட்டுப் பாருங்க. யார் குரல் கேக்குதோ அவங்களுக்கு மார்க். நாளைக்குத் திருத்தி எழுதிக் கொண்டு வாங்க.”

*

எடிட்டிங் அறை கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத இடம். மூலையில் ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. மூன்று நாற்காலி, ஒன்றுக்கு முதுகு கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போனோம். முதுகில்லாத நாற்காலி எனக்கு.

முதல் டேக். அப்பா நடைவழியில் வருகிறார், கை சுவரில். உடனே டைரக்டரின் குரல்: “கட். அங்கிள், சுவத்தைத் தொடாம வாங்க. வெள்ளைச் சட்டைக் கை, வெள்ளைச் சுவர், ஒண்ணுமே தெரியல.”

டைரக்டர் தொண்டையைச் செருமினான்.

இரண்டாவது டேக். கை மறுபடியும் சுவரில். லைட்டின் குரல்: “அங்கிள், கை நிழல் முகத்துல விழுது. கொஞ்சம் கீழ விடுங்க, ப்ளீஸ்.”

மூன்றாவது. மறுபடியும் கை. என் குரல், எரிச்சலாக: “அப்பா, தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. கன்டின்யூட்டி போகுதுல்ல, ஒட்டும்போது பொருந்தாது.”

நாலாவது டேக்கில் அப்பா கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தார். மூன்று எட்டு. நாலாவது எட்டில் நாங்கள் கொண்டுபோய் வைத்த முக்காலியில் முழங்கால் இடித்தது. அதன்மேல் இருந்த டம்ளர் உருண்டு விழுந்து, தரையில் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பிறகு சிரிப்புச் சத்தம். மூன்று பேரும் சிரிக்கிறோம். அதில் பெரிய சிரிப்பு என்னுடையது.

“அப்பா, கண்ணைத் தொறந்து வெச்சுட்டு நடங்க” என்கிறேன்.

லைட்டு ஒலிப்பதிவை அருமையாகச் செய்திருந்தாள். ஒரு எழுத்து தேயவில்லை.

அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேமராவைப் பார்த்தார். “டைரக்டர் சார், இந்த முக்காலி என்னைவிட நல்லா நடிக்குது. அதையே ஹீரோவாப் போட்டுருங்க.”

ஐந்தாவது டேக்குக்கு முன்னால் டைரக்டர் அலுத்துப்போய்ச் சொல்வது கேட்டது: “சரி அங்கிள், உங்களுக்கு எப்படி வருதோ அப்படி வாங்க.” அவருக்கு எப்படி வருமோ அப்படி வந்தார். அதுதான் படத்தில் இருப்பது.

நான் படத்தை அங்கேயே நிறுத்தினேன்.

“‘எப்படி வருதோ அப்படி வாங்க’ன்னு சொன்னதும் ஒரு டைரக்ஷன்தானே?” என்றான் டைரக்டர்.

லைட்டு அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. “முடிஞ்ச இடத்தை இன்னொரு தடவை போடு” என்றாள்.

டைரக்டருக்கு ‘கட்’ சொல்லத் தெரியும், கேமராவை நிறுத்தத் தெரியாது. அதனால் ஒவ்வொரு டேக்குக்குப் பின்னாலும் பத்திருபது விநாடி வீணாக ஓடியிருக்கும். வெட்டி எறிவது என் வேலை, எறிந்திருந்தேன். அதில் அப்பா தொடங்கிய இடத்துக்குத் திரும்பி நடந்து போகிறார். காட்சி முடிந்துவிட்டது. நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம். அவரை யாரும் பார்க்கவில்லை. கை சுவரில்தான் இருந்தது. திரும்பிப் போகிறார் இல்லையா, அதனால் இப்போது வலது கை.

“கட் சொன்னப்புறம் யாருக்காக நடிக்கிறாரு?” என்றாள் லைட்டு.

அவளே மூன்றாவது டேக்கின் தொடக்கத்துக்கு ஓட்டினாள். அப்பா நேராகப் பார்த்து நிற்கிறார். லைட்டு இடது பக்கமிருந்து பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். வெளிச்சம் அவர் காதில் விழுந்து, கன்னத்தில் ஏறி, கண் ஓரத்துக்கு வருகிறது. அப்பா இமைக்கவில்லை. விளக்கு முன்பக்கம் வந்த பிறகுதான் திடுக்கிட்டுக் கண்ணைச் சுருக்குகிறார்.

“அந்த விளக்கை யார் பக்கத்துல கொண்டுபோனாலும் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க” என்றாள். “அன்னிக்கு நான் அவர்கிட்ட, ‘அங்கிள், நீங்க பெரிய நடிகர், அசையவே இல்ல’ன்னு சொன்னேன்.” அவள் படத்தை அங்கேயே நிறுத்தினாள். “அவருக்குப் பக்கவாட்டுல தெரியலடா.”

விநாடிக்கு இருபத்தைந்து படம். இரண்டு நிமிடம் பத்து விநாடிக்கு மூவாயிரத்து இருநூற்றைம்பது. அத்தனையையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, முன்னால் பின்னால் ஓட்டி, அப்பாவின் முகத்தை மூன்று வாரம் பார்த்தவன் நான். தோலின் நிறத்தைத் திருத்தியிருக்கிறேன். இந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. பகலில் எரியும் கூடத்து விளக்கு. முக்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்த அம்மா. சாப்பிடும்போது “இந்தப் பக்கம் உக்காருடா” என்று என்னை எதிரே உட்காரவைக்கும் அப்பா. கூப்பிட்டால் முகம் மட்டுமில்லாமல் உடம்பே திரும்புவது. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் குட்டிச் சொட்டு மருந்துப் புட்டி. ‘தொடாதே, என் அலர்ஜி மருந்து’ என்று அம்மா சொன்னது.

“அங்கிள் இன்னிக்கு டியூட்டியா?” என்று டைரக்டர் கேட்டான்.

“ஆமா.”

“நம்ம காலேஜ் ரூட்டா?”

“ஆமா.”

“காலைல நான் அதுலதான் வந்தேன்” என்றான். அவன் வாயிலிருந்து பஞ்ச் வசனம் எதுவும் வராமல் இருந்தது அன்றைக்குத்தான்.

*

அப்பா ஆறு மணிக்கு வந்தார். நான் டீ போட்டு, டம்ளரை அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, சத்தமில்லாமல் வைத்தேன். பெற்றவருக்கு நான் வைத்த பரீட்சை. அவர் நேராகப் பார்த்தபடி டிப்போவில் யாரோ பலூன் மாதிரி வாயை ஊதிக்கொண்டு சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். டம்ளரை எடுத்து அவருக்கு நேர் எதிரே நகர்த்தி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தரையைப் பார்த்தேன்.

“எவ்வளவு நாளா?” என்றேன்.

“எது?” என்றார் அப்பா.

“அப்பா.”

“பதினாலு மாசம்” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரு.”

“அவன்தான் கேக்கறான்ல. அவனா கேக்கட்டும்னு சொன்னீங்க. கேட்டுட்டான்.”

அப்பா டீயை எடுத்துக் குடித்தார். “நேரா எல்லாம் தெரியுதுடா. ஊசியில நூல் கோத்துக் காட்டவா? பக்கத்துலதான், திரையை இழுத்துவிட்ட மாதிரி. வருஷா வருஷம் டிப்போவுல போர்டைக் காட்டிப் படிக்கச் சொல்வாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். போர்டை நேராத்தானே மாட்டியிருக்காங்க.”

“டாக்டர் ஓட்டலாம்னாரா?”

“நான் என்ன வேலை பாக்கறேன்னு அவர் கேக்கல.”

“கேட்டார்” என்றாள் அம்மா. “கடையில உக்காந்து பாக்கற வேலைன்னு சொன்னீங்க. பக்கத்துல நான் இருந்தேன்.”

“உக்காந்து பாக்கற வேலைதானே. நின்னுக்கிட்டா ஓட்டறேன்?”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் இது அபூர்வம்.

“இடது பக்கம் கண்டக்டர் பாத்துக்குவான்” என்றார் கொஞ்சம் தணிந்து. “எங்களுக்குள்ள ஒரு விசில் கணக்கு இருக்கு. நீளமா அடிச்சா பக்கத்துல வண்டி. ரெண்டு சின்னதா அடிச்சா ஆளு.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாம எப்படிடா அடிப்பான்?”

அப்படியென்றால் வீட்டிலும் தெரியும், வண்டியிலும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

“இறங்கி வீட்ல உக்காந்து என்ன செய்யறது? உங்கம்மா கொண்டுவர புஸ்தகத்துக்கெல்லாம் அட்டை போடவா?” என்றார். பிறகு, “சரி, படத்தைக் காட்டு. ஊரே பாராட்டுச்சுன்னு சொன்னியே. எனக்கு மட்டும் காட்டவே இல்ல.”

லேப்டாப்பில் வெட்டி ஒட்டிய படமும் இருந்தது. இசை, தலைப்பு எல்லாம் சேர்த்து அப்பா கம்பீரமாகத் தெரிவார். அதைப் போட்டிருந்தால் விஷயம் அன்றைக்குத் தப்பியிருக்கும். நான் வெட்டாததைப் போட்டேன்.

முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு ஐந்து டேக்கையும் பார்த்தார். முக்காலி விழுந்ததும் சிரித்தார். “நான் சொன்னேன்ல, அதுதான் ஹீரோ.” என் குரல் வந்தபோது நான் நிறுத்தப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டார். ‘கண்ணைத் தொறந்து வெச்சுட்டு நடங்க’ என்பதை முழுதாகக் கேட்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

ஐந்தாவது டேக் முடிந்தது. “மறுபடி போடு” என்றார். போட்டேன். “இன்னொரு தடவை.” போட்டேன். யாரோ ஒருவர் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவதை, யாரோ ஒருவரைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

“இந்த ஆள் ஓட்டற வண்டியில உங்க லைட்டுப் பொண்ணு ஏறுவாளா?”

தொகுப்பவனுக்கு மௌனத்தின் நீளம் தெரியும். பதினோரு விநாடி.

“டைரக்டர் இன்னிக்கு உங்க வண்டியிலதான் வந்தானாம்பா” என்றேன்.

“காலேஜ் ஸ்டாப்லயா இறங்கினான்?”

“ஆமா.”

“அங்க இடது பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு. பசங்க பஸ்ஸை உரசிக்கிட்டு வெளிய வருவாங்க.” அதைச் சொல்லும்போது அவர் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது. லேப்டாப்பை மூடினார். “காலைல என்கூட டிப்போவுக்கு வா.”

*

காலையில் அவருக்கு இடது பக்கமாக நடந்தேன். அவர் என்னைத் தொடவில்லை. நான் அங்கே இருக்கிறேன் என்று தெரிந்து நடந்தார்.

மேலாளர் அறையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. அப்பா மருத்துவச் சீட்டை மேசைமேல் வைத்தார். மேலாளர் தேதியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

“பதினாலு மாசமா தெரியும். இப்ப என்ன திடீர்னு?”

“படத்துல பாத்தேன் சார்.”

“எந்தப் படத்துல?”

“நான் நடிச்ச படத்துல.”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இப்படி ஒரு காரணத்தை அவர் இதுவரை கேட்டிருக்க மாட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு, “வெளிய இருங்க, எழுதணும்” என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்து எங்கள் எதிரே நின்றார். விசில் கழுத்தில் தொங்கியது.

“நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்ல, அண்ணே” என்றார்.

“பாத்த. இல்லேங்கல.”

“ஒரு தடவையாவது தப்பா அடிச்சிருக்கேனா?”

“இல்ல” என்றார் அப்பா. “அதான் இவ்வளவு நாள் ஓடுச்சு.”

கண்டக்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

காத்திருந்த நேரத்தில் மதிப்பீட்டுத் தாளைத் தொடைமேல் வைத்துத் திருத்தினேன். நாலாவது கேள்விக்கு எழுதினேன்: ‘அந்தக் கை எங்கள் யாருடைய யோசனையும் இல்லை. நாங்கள் மூவரும் நாலு டேக் வரைக்கும் அதைத் தடுத்தோம்.’ இந்தத் தடவை ‘அப்பா’வை அடிக்கவில்லை. டைரக்டரும் தன்னுடையதை அடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். லைட்டு அந்த விளக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருப்பதாகவும், மேடம் திட்டினால் திட்டட்டும் என்றும் சொன்னாள். ஏழாவது கேள்வி: மறுபடி எடுத்தால் எதை மாற்றுவீர்கள்? பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே வெறுமையாக விட்டுவிட்டேன். பின்னால் மேடம் அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். மதிப்பெண் எவ்வளவு குறைத்தார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அப்பா தன் ரூட் பேருந்திலேயே ஏறினார். ஓட்டுநர் இருக்கையில் சின்ன வயதுக்காரர் ஒருவர். அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். “உக்காருப்பா, ஓட்டறவன் எழுந்திரிச்சா ஜனங்க பயப்படுவாங்க” என்றார் அப்பா. இடது பக்க முன் இருக்கையில், சன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே அவர் வலது கால் தரையை அழுத்தியது. பேருந்து மறுபடி புறப்படும்போதுதான் எழுந்தது.

“இவன் பிரேக்கை லேட்டா பிடிக்கறான்” என்று என் காதில் சொன்னார்.

கல்லூரி நிறுத்தம் வந்தது.

“நீங்க தனியா போயிருவீங்களா?”

“உக்காந்து போறதுக்குக் கண்ணு எதுக்குடா? போய்த் தாளைக் குடு.”

இறங்கினேன். அவருடைய சன்னலுக்குக் கீழே நின்று கையை ஆட்டினேன். ஒரு முழம் தூரம்கூட இல்லை. அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, என்னையும் பேருந்தையும் உரசிக்கொண்டு போனான். அவன் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

நான் நாலு எட்டு முன்னால் போய், அவர் முகம் பார்த்திருந்த இடத்தில் நின்றேன். அங்கே தெரிந்தேன். போ போ என்று கையைக் காட்டினார். பிறகு கண்டக்டர் போகலாம் என்று விசில் அடிக்க, அப்பாவின் கால் தரையிலிருந்து எழுந்தது. பேருந்து நகர்ந்தது.